சோளகக் காற்றோடு நான்கு நாள்

முதலாம் நாள்: வவுனியா – மன்னார்

விடிய ஐந்தரைக்கே மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டோம். பின்னால் அமர்ந்திருப்பவன் என் அக்காவின் மகன். பேராதனையில் மின்பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கிறான். விடுமுறையில் வந்த நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் இடையில் ஒரே வழக்கு. இலங்கை நிலக்கரியிலிருந்தும் டீசலிலிருந்தும் மீள வேண்டுமென்றால் அணுமின் நிலையம்தான் வழி என்கிறான் அவன். இந்தக் காற்றும் இந்த வெயிலும் இருக்க அணு உலை எதற்கு என்கிறேன் நான். வீட்டில் பேசித் தீராததை வீதியில் பார்த்துவிடுவோம் என்று வன்னியைச் சுற்றப் புறப்பட்டிருக்கிறோம். மன்னார், பூநகரி, கிளிநொச்சி, முல்லைத்தீவு. ஒவ்வொரு இரவும் அன்றைய நாளை இங்கே எழுதுவேன்.

அவன் பேச்சை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது வருடமாகப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். ஒரு கிராம் யுரேனியம்-235 முழுவதும் பிளந்தால் வரும் வெப்பம் ஏறத்தாழ 3 தொன் நிலக்கரியை எரித்த வெப்பத்துக்குச் சமம் என்று கரும்பலகையில் எழுதும்போது வகுப்பு ஒரு கணம் பேச்சற்றுப் போகும். அந்தக் கணம் எனக்கும் பிடிக்கும்.

செட்டிகுளம் தாண்டி மெனிக்பாம் இருந்த பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். வீதியிலிருந்து பார்த்தால் இப்போது பற்றைதான் தெரிகிறது. 2009இல் போரின் முடிவில் வன்னியிலிருந்து வெளியே வந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முகாம்களில் அடைக்கப்பட்டபோது மிகப் பெரிய கூட்டம் இருந்தது இங்கேதான். 2012 செப்டெம்பரில்தான் இது மூடப்பட்டது. நாங்கள் ஏழு மாதம் இருந்தோம். மருமகனுக்கு அப்போது ஐந்து வயது. தண்ணீர் பவுசர் வரும் சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றான். எனக்கு வெள்ளைத் தறப்பாளின் வெக்கை ஞாபகம் இருக்கிறது. மேற்கொண்டு பேசாமல் வண்டியை எடுத்தேன்.

மன்னார்த் தீவுக்குள் நுழையும் பாலத்தில் காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளியது. சோளகம் தொடங்கிவிட்டது. வைகாசியில் எழும்பி புரட்டாதிவரை நின்று வீசும் காற்று இது. கரையோர மக்கள் காற்றுக்குத் திசைக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். தென்மேற்கிலிருந்து வந்தால் சோளகம், வடகிழக்கிலிருந்து வந்தால் வாடை, மேற்கிலிருந்து கச்சான், கிழக்கிலிருந்து கொண்டல். எந்தக் காற்றுக்கு எந்த மீன், எந்த வலை என்று இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். காற்றின் வேகத்தை அளக்கக் கருவி வருவதற்குப் பல நூறு வருடங்களுக்கு முன்பே அதன் கணக்கு இந்தக் கரையில் இருந்திருக்கிறது.

தீவின் தென்கரை நெடுக 30 காற்றாலைகள். ‘தம்பபவனி’ என்று பெயர். ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5. மின்சார சபை ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் கட்டி 2020 டிசம்பரில் திறந்து வைத்தது. எண்களை வாசித்து வந்தவனுக்கும் அடியில் போய் நின்றபோது வாய் வரவில்லை. சுழலும் வட்டத்தின் குறுக்களவு 126 மீற்றர். ஓர் இறகு கீழே இறங்கும்போது ‘உஸ்’ என்று நீண்ட மூச்சு, பிறகு ஒரு சிறு இடைவெளி, பிறகு அடுத்த மூச்சு. இறகின் நிழல் மணலில் ஓடி, பனையில் ஏறி, மறுபக்கம் இறங்கிப் போகிறது. கோபுரத்தின் நிழல் ஒரு நீளத் துணியைப் போல மணலில் விழுந்து கிடக்க, ஏழெட்டு ஆடுகள் அந்த நிழலுக்குள் மட்டும் வரிசையாகப் படுத்திருந்தன. நிழல் நகர நகர, கடைசி ஆடு எழுந்து வரிசையின் மறுபக்கம் போய்ப் படுத்தது. மருமகன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தாழ்வுபாட்டில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரோடு பேசினோம். நான் ஆசிரியர் என்று அறிந்ததும் பக்கத்து மரக்குற்றியைத் தட்டி உட்காரச் சொன்னார். காற்றாலை வந்த பிறகு மீன் கரையை விட்டு விலகிவிட்டது என்றார். மழைத் தண்ணீர் கடலுக்கு ஓடும் தாழ்வுகளுக்குக் குறுக்கே வீதி போட்டதால் மாரியில் வீட்டுக்குள் வெள்ளம் நிற்கிறது என்றார்.

“காற்றின் மேல் எங்களுக்கு என்ன கோபம், மாஸ்ரர்? பாய் விரித்து இந்தக் காற்றில் பிழைத்தவர்கள்தானே நாங்கள். எங்கே நடுவது என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தண்ணீர் ஓடும் இடத்தைக் காட்டியிருப்போம்.”

2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராகத் தெருவில் இறங்கினார்கள். ஜனாதிபதி வேலைகளை ஒரு மாதம் நிறுத்தி வைக்கும் அளவுக்கு அது போனது. அப்போது தெற்கிலே சிலர், பசுமை மின்சாரத்துக்கே இவர்கள் தடை என்று எழுதியதை வாசித்து நான் மனம் வெந்திருக்கிறேன். இந்தப் பெரியவரின் வாயைப் பார்த்துக் கேட்டிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம். வாடைக் காலத்தில் வடக்கே எங்கிருந்தோ பறந்து வரும் பூநாரைகள் இறங்கும் இடம். அங்கே எதை நடலாம், எதை நடக்கூடாது என்று கேட்பது காற்றாலை எதிர்ப்பு ஆகாது.

மாலையில் தலைமன்னார்த் துறையில் நின்றோம். எதிரே இந்தியா. இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 250 கிலோமீற்றரில் கூடங்குளம் அணுமின் நிலையம். 1988இல் சோவியத்தோடு ஒப்பந்தம் போட்டு, 2013இல் முதல் உலை மின்சாரம் தரத் தொடங்கியது. ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு இப்போது ஓடுகின்றன. மேலும் நான்கு கட்டப்படுகின்றன. அதை எதிர்த்து இடிந்தகரைப் பெண்கள் மாதக்கணக்காகப் பந்தலில் உட்கார்ந்திருந்ததை அந்த நாட்களில் வானொலியில் கேட்டிருக்கிறேன். 2012 செப்டெம்பரில் மணப்பாட்டில் பொலிஸ் சுட்டதில் ஒரு மீனவர் இறந்தார். அந்த உலையைச் சுற்றிலும்கூடக் காற்றாலைகள் நிற்கின்றன. எங்களுக்கு வீசும் இதே சோளகம்தான் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அவற்றையும் சுற்றுகிறது.

மருமகன் தன் வாதத்தைத் தொடங்கினான். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியேறும் கரியமில வாயு, ஐ.நா. காலநிலைக் குழுவின் 2014 அறிக்கைப்படி நிலக்கரிக்கு 820 கிராம், அணுவுக்கு 12, நிலத்தில் நடும் காற்றாலைக்கு 11. “உங்கள் காற்றும் என் அணுவும் ஒரே தராசில் நிற்கின்றன, மாமா. அணு மட்டும்தான் இரவும் பகலும் ஓடும்.” ஜேர்மனி 2023 ஏப்ரலில் கடைசி மூன்று உலைகளையும் மூடியதைக் கண்டித்தான். அதில் அவனோடு உடன்படுகிறேன். நன்றாக ஓடும் உலையை மூடிவிட்டு நிலக்கரியை எரித்துக்கொண்டிருப்பது எந்த வகையிலும் சரியல்ல. இருக்கிற உலையை வைத்துக்கொள்வதும் இல்லாத இடத்தில் புதிதாகக் கட்டுவதும் வேறு வேறு கேள்விகள் என்றேன். இருட்டும்வரை பேசினோம்.

இரண்டாம் நாள்: மன்னார் – பூநகரி

ஏ-32 வீதியில் நாள் முழுவதும் காற்று இடது தோளில் அடித்தது. விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில். வீதியோரத்தில் ஓர் அம்மா பாலைப்பழம் கட்டி விற்றார். வாயெல்லாம் பிசுபிசுக்க இருவரும் இரண்டு கட்டுத் தின்றோம்.

பூநகரியில் மத்தியானம் ஒரு தெரிந்தவர் வீட்டில் மொட்டைக்கறுப்பன் சோறு, திருக்கைக் கறி, முருங்கைக்கீரைச் சுண்டல். இந்த நெல் மானாவாரியில், உவர் ஏறும் மண்ணில், இந்தப் பக்கத்தில் விளைவது. வீட்டுக்காரரின் தகப்பனாருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் ஐயா எங்களைக் காணிக்கு அழைத்துப் போனார்.

இந்தக் கரைக்கும் பெரிய திட்டம் வந்தது. அதானி நிறுவனம் மன்னாரில் 250, பூநகரியில் 234, மொத்தம் 484 மெகாவாட் காற்றாலை கட்டுவதாக இருந்தது. 2024 மே மாதத்தில் ஒரு யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று இருபது வருடத்துக்கு அமைச்சரவை அனுமதி கொடுத்தது. விலை அதிகம், பறவைகளின் பாதையை மறிக்கிறது என்று சூழலியல் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. புதிய அரசாங்கம் விலையை மீண்டும் பார்க்கத் தொடங்க, 2025 பெப்ரவரியில் நிறுவனமே விலகிக்கொண்டது. அதே வருடம் மன்னாரில் 50 மெகாவாட்டுக்கு உள்ளூர்க் கம்பனியொன்றோடு கையெழுத்தான ஒப்பந்தத்தின் விலை 4.65 சதம். திட்டத்தின் அளவு வேறு, நிபந்தனைகள் வேறு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கிற எவருக்கும் வயிறு எரியும்.

ஐயாவுக்குச் சதக் கணக்கு தெரியாது. அளக்க வந்தவர்கள் அடித்துவிட்டுப் போன ஒரு முளைக்கட்டை பற்றி அவர் பேசினார். சிவப்பு வர்ணம் பூசியது. வரம்போரத்தில் ஒரு காலை நின்றதாம். யார் அடித்தார்கள், எதற்கு என்று கேட்க விதானையாரிடம் போனார். அவருக்கும் தெரியவில்லை. “காணிக்கு உறுதி வைத்திருக்கிறேன் தம்பி. இரண்டு தரம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடியபோதும் இடுப்பில் கட்டிக்கொண்டு போனது அந்த உறுதியைத்தான். இப்போது ஒரு கட்டையைக் கண்டால் நெஞ்சு பதறுகிறது.” உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். மடித்த இடமெல்லாம் வெளுத்து, நான்காகப் பிளந்து, பின்புறம் ஒட்டுத்தாளால் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு மூலையில் சேற்றுக் கறை.

நான் காற்றாலையின் கட்சிக்காரன். இருந்தாலும் அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது ஒன்று உறைத்தது. இந்த மண்ணில் எந்த மின்சாரத் திட்டமும் முதலில் காணிப் பிரச்சினையாகத்தான் வந்து இறங்கும். காற்றாலைக்கு அது ஒரு துண்டு நிலம், ஒரு வீதி, ஒரு கம்பித் தடம். வேண்டாமென்றால் கழற்றலாம். ஐயாவின் நெல் கோபுரத்துக்கு அடியிலும் விளையும். அணு உலைக்கு அப்படியல்ல. அதை நான்காம் நாள் முல்லைத்தீவில் வைத்துப் பேசுவோம் என்று மருமகனிடம் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள்: பூநகரி – பரந்தன் – கிளிநொச்சி

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இருந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஓர் ஆசிரியன் விழித்துக்கொள்கிறான். ஆனையிறவு உப்பை எடுத்து, கரைத்து, அதற்குள் மின்சாரம் பாய்ச்சி, கொஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்த இடம். வன்னிக்கு ஒரு காலத்தில் மின்சாரம் வெளிச்சத்துக்கு மட்டும் வரவில்லை, வேலை தரவும் வந்தது.

பிறகு போர் வந்து எல்லாம் நின்றது. நான் உயர்தரம் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப் வால்வுக்குள் நுழைத்த திரி. ஒரு போத்தல் எண்ணெயைப் பல இரவுக்கு நீட்டிக்கும் வித்தை அது. செய்தி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து வானொலிக்குக் கொடுப்போம். சுற்றுகிறவன் களைத்தால் செய்தியும் களைக்கும். ‘தொடர்ந்து செய்திகள்’ என்ற இடத்தில் எத்தனையோ தடவை குரல் தேய்ந்து போயிருக்கிறது.

கிளிநொச்சியில் நாங்கள் தங்கியிருக்கும் நண்பனின் கொட்டிலில் அந்த டைனமோ இன்னும் இருக்கிறது. 6 வோல்ட், 3 வாட். துரு பிடித்திருந்தாலும் விரலால் உருட்டியபோது அதன் தலை சுழன்றது. மருமகன் தன் சோதனைக் கருவியின் இரண்டு முனைகளையும் வைத்துவிட்டு உருட்டினான். எண் துள்ளி எழுந்தது. அவன் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன்.

நண்பனிடம் இப்போது கூரையில் சூரியத் தகடுகள், தோட்டத்தில் சோலர் நீர்ப்பம்பி. மிளகாயும் கத்தரியும் செய்கிறான். விடிந்ததும் முதல் வேலை, ஈரத்துணியால் தகடுகளைத் துடைப்பது. புழுதி படிந்தால் தண்ணீர் குறைகிறது என்று கண்ணால் கண்டு பழகியிருக்கிறான். வாய்க்காலில் கால் வைத்தபடி, வெயில் ஏற ஏறத் தண்ணீர் தடித்து வருவதைப் பார்த்தேன். மேகம் ஒன்று குறுக்கே போனதும் தாரை மெலிந்தது. மேகம் விலகியதும் மறுபடி தடித்தது. எரிபொருளுக்கு வரிசையில் நின்ற 2022ஐ அவனும் நானும் நினைத்துக்கொண்டோம். அந்த வருடம் மார்ச் முடிவில் நாடு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் கிடந்தது. எரிபொருள் வாங்க டொலர் இல்லாத நாட்டில் இந்தத் தகடு யாரிடமும் டொலர் கேட்கவில்லை.

மருமகன் விடவில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு பகல். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் முழு இலங்கையும் இருண்டது. அது குரங்கின் குற்றம் அல்ல என்றான் அவன். ஞாயிறு பகலில் மக்கள் பாவிக்கும் மின்சாரம் குறைவு, கூரைச் சூரிய மின்சாரம் அதிகம். கனமாகச் சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாக ஓடும்போது, ஓர் அதிர்ச்சி வந்தால் தாங்கும் திணிவு வலையமைப்பில் இருப்பதில்லை. அடுத்த சித்திரை வருடப் பிறப்பு விடுமுறையில் கூரைத் தகடுகளைப் பகலில் அணைத்து வைக்குமாறு மின்சார சபையே கேட்டுக்கொண்டது. “உங்கள் வெயில் தேவையான நேரத்தில் இல்லை, தேவையில்லாத நேரத்தில் குவிகிறது, மாமா.”

அது மெய்யான குறை. அதை மறைத்துச் சூரிய மின்சாரத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் நமக்கு உதவி செய்யவில்லை. பற்றரி வேண்டும், மாவனல்லைப் பக்கம் மகா ஓயாவில் திட்டமிட்டிருக்கும் 600 மெகாவாட் நீரேற்று நிலையம் போன்ற சேமிப்பு வேண்டும், கம்பித் தடங்கள் வலுக்க வேண்டும். அதற்கெல்லாம் காசு வேண்டும்.

அதே கேள்வியை நான் அவன் பக்கம் திருப்பினேன். இலங்கையின் உச்சத் தேவை மூவாயிரம் மெகாவாட்டை ஒட்டியது. நள்ளிரவில் அதைவிட வெகுவாகக் குறைந்துவிடும். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் 300 மெகாவாட் இயந்திரம் ஒன்று நின்றாலே ஊர் ஊராக மின்சாரம் வெட்டுகிறோம். ஆயிரம் மெகாவாட் உலையை இந்த வலையமைப்பில் தொங்கவிட்டு, ஒரு நாள் அது சட்டென்று நின்றால்? அவன் இரணைமடுக் குளக்கட்டில் உட்கார்ந்து ஒரு குச்சியால் மணலில் கணக்குப் போட்டான். நெடுநேரம் போட்டான். கடைசியில், “பெரிய உலை சரிவராது” என்றான். கணக்கு காட்டிய இடத்தில் நிற்கும் பிள்ளை அவன். எனக்குப் பெருமையாக இருந்தது.

உடனே சிறிய உலைகளுக்குத் தாவினான். உலகத்தில் அவை எத்தனை ஓடுகின்றன என்று கேட்டேன். ரஷ்யாவின் பெவெக் துறைமுகத்தில் 35 மெகாவாட் உலைகள் இரண்டைச் சுமந்தபடி ஒரு மிதவைக் கப்பல் 2020 முதல் நிற்கிறது. சீனாவில் ஒன்று 2023 முடிவில் வணிக ஓட்டத்துக்கு வந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநில ஊர்களுக்காகத் திட்டமிட்டது விலை ஏறி 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. பெரிய உலையிலும் கதை இரண்டு விதம். ஐக்கிய அரபு அமீரகத்தில் பராக்காவின் நான்கு உலைகள் இன்று அந்த நாட்டின் மின்சாரத்தில் கால்வாசியைத் தருகின்றன. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து வோக்டில் உலைகள் இரண்டும் ஏழு வருடம் பிந்தி, 30 பில்லியன் டொலரைத் தாண்டி முடிந்தன. அமீரகத்திடம் எண்ணெய்க் காசு இருக்கிறது, அமெரிக்காவிடம் டொலர் அச்சடிக்கும் இயந்திரமே இருக்கிறது. 2022இல் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த நாட்டிடம் என்ன இருக்கிறது? அதே 2022இல்தான் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழு வந்து, அணுமின்சாரத்துக்கு இலங்கை எவ்வளவு தயார் என்று பார்த்துவிட்டுப் போனது.

குளத்தில் சூரியன் இறங்கியது. நாளைக்கு முல்லைத்தீவு.

நான்காம் நாள்: பரந்தன் – முல்லைத்தீவு – ஒட்டுசுட்டான்

புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல். இந்த வீதியைப் பற்றி நான் எழுதவில்லை. நாங்கள் மெதுவாகப் போனோம், அவ்வளவுதான்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் சோளகம் நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. அதனால் கடல் அடங்கிக் கிடந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் இந்தப் பட்டினம் முழுவதையும் கடல் எடுத்தது. அதே அலை அன்று கல்பாக்கத்திலும் ஏறியது. அணுமின் நிலையத்தின் நீரேற்றுக் கூடத்துக்குள் தண்ணீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையை நிறுத்தினார்கள். அது பத்திரமாக நின்றது. மருமகன் இதை மூன்று நாளாகக் கையில் வைத்திருந்தவன் போலச் சொன்னான். உண்மைதான், அங்கே வேலை செய்தவர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள்.

2011 மார்ச் 11இல் புகுஷிமாவில் உலைகள் நின்றன, ஆனால் சூடு நிற்கவில்லை. நிறுத்திய பிறகும் எரிபொருள் நெடுநாள் கனன்றுகொண்டே இருக்கும், அதற்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரை ஓட்டும் டீசல் ஜெனறேற்றர்களைக் கடல் மூடியது. மூன்று உலைகள் உருகின. 20 கிலோமீற்றர் வட்டத்துக்குள் இருந்த எல்லாரையும் வெளியேற்றினார்கள்.

“மாமா, கதிர்வீச்சு அங்கே உடனடியாக யாரையும் கொல்லவில்லை. இறந்தவர்கள் பெரும்பாலும் இடம்பெயர்ந்ததால் இறந்தவர்கள். வயோதிபர்கள், நோயாளிகள். 2,000 பேருக்கு மேல். பதறாமல் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள். நிலக்கரிப் புகை ஒவ்வொரு வருடமும் கொல்லும் தொகையோடு ஒப்பிட்டால் அணு மிகவும் பாதுகாப்பானது.”

அவன் சொன்ன எண்கள் எல்லாம் சரி. நிலக்கரி பற்றிச் சொன்னதும் சரி. நுரைச்சோலைச் சாம்பலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

“இடம்பெயர்ந்ததால் இறந்தவர்கள்” என்றானே, அந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. என் அம்மம்மாவும் அப்படித்தான் இறந்தார். காயம் எதுவும் இல்லை. மெனிக்பாமில் மூன்றாம் மாதம், ஒரு பிற்பகல், தறப்பாளுக்கு அடியில். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு மிடறு வேண்டும் என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார். மரணச் சான்றிதழில் முதுமை என்று எழுதினார்கள். அப்படிச் செத்தவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று மருமகனிடம் கேட்டேன். நெடுநேரம் அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அம்மம்மாவின் மடி ஞாபகம் இருக்கிறதாம். அதை இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை.

பிறகு அவனாகவே கைபேசியில் வரைபடத்தைத் திறந்தான். இங்கே உலை கட்டப்போவதாக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அவன் முல்லைத்தீவுப் பட்டினத்தில் ஒரு புள்ளி வைத்து 20 கிலோமீற்றர் வட்டம் போட்டான். பாதி வட்டம் கடலில் விழுந்தது. மறுபாதிக்குள் வட்டுவாகல், முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்பு, வற்றாப்பளை, முள்ளியவளை, தண்ணீரூற்று, அளம்பில், குமுழமுனை. ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்தான். நந்திக்கடல் முழுவதும் உள்ளே இருந்தது.

“நடக்க வாய்ப்பு மிகக் குறைவு, மாமா” என்றான், குரல் இறங்கியிருந்தது.

“குறைவுதான். நடந்தால் இந்தப் பெயர்களில் எதற்கும் மாற்று ஊர் இல்லை. காற்றாலை முறிந்து விழுந்தால் ஒரு வயல் போகும். அடுத்த போகத்துக்கு விதைக்கலாம்.”

திரும்பும் வழியில் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் இறங்கினோம். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வைகாசிப் பொங்கல் முடிந்து இரண்டு கிழமை ஆகிறது. பொங்கலுக்கு முந்திய கிழமை முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, இங்கே அந்த உப்பு நீரில் விளக்கேற்றுவார்கள். அந்த விளக்கு ஒரு கிழமை இங்கே எரியும், பிறகு அம்மனிடம் போகும். எனக்கு அது சிறுவயதிலிருந்து கண்ட காட்சி. வகுப்பில் யாராவது பௌதிகவியல்படி எப்படி என்று கேட்டால், கோயிலுக்குள் நான் ஆசிரியன் இல்லை என்று மட்டும் சொல்வேன். வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா, அந்த ஏழு நாளும் இரவு பகல் முறை வைத்து ஆட்கள் காவல் இருப்பார்கள், விளக்கு அணைய விடமாட்டார்கள் என்றார். தன் பேரன் இந்த முறை முதன்முதலாகக் காவல் இருந்தான் என்று சொன்னபோது துடைப்பத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

வெளியே வந்ததும் மருமகன் கேட்டான்: “உலையின் கழிவை எத்தனை காலம் காக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தீர்கள்?” கழிவில் இருக்கும் புளுட்டோனியம்-239இன் அரைவாழ்வு, அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 24,100 வருடம் என்றேன். பின்லாந்தில் ஒங்கலோ என்ற இடத்தில் நானூறு மீற்றருக்கும் கீழே பாறையைக் குடைந்து, புதைத்து மூடிவிடுவதற்கு இடம் தயார் செய்திருக்கிறார்கள். அந்த நாட்டுக்கு அந்தப் பாறை இருக்கிறது, செய்து முடிக்கும் நிதானமும் இருக்கிறது. அவன் ஒன்றும் சொல்லாமல் தலைக்கவசத்தை மாட்டினான்.

பொழுது படும் நேரம் ஒட்டுசுட்டானில் தேநீர்க் கடையில் நிறுத்தினோம். பிளேன்ரீயும் பருத்தித்துறை வடையும். மருமகன் கைபேசியை மறுபடி எடுத்துப் பார்த்தான்.

“ஒட்டுசுட்டான் வட்டத்துக்கு வெளியே, மாமா.”

2004இல் கடல் வந்த அன்று நான் இந்தப் பக்கத்தில் இருந்தேன். மத்தியானத்துக்குள் லொறிகளில் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பாடசாலை முற்றத்தில் மூன்று அடுப்பு மூட்டி, ஊர் வீடுகளிலிருந்து அரிசி சேர்த்து, கிடாரத்தில் கஞ்சி காய்ச்சினோம். நான் விறகு கொத்தினேன். ஈரச் சேலையோடு ஒரு பெண் அடுப்பருகே வந்து நின்று, கஞ்சியை வாங்காமல் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே விழுந்த ஊருக்கும் அன்று வேலை இருந்தது என்று அவனுக்குச் சொன்னேன்.

கடைக்காரர் விளக்கைப் போட்டார். மாங்குளத்துக்கு இன்னும் தூரம் இருக்கிறது.